டொலுவீனில் நீ அளந்தது

என் செல்ல ஷமீமாவுக்கு,

முதலில் செய்தி. நீ அளந்தது சரிதான்.

பெயின்ட் தின்னரில் மூக்கைத் துளைக்குமே, அந்த டொலுவீனோடுதானே நாம் இரண்டு பேரும் மாரடித்தோம்? புதுக்கோட்டை கல்லூரி ஆய்வகத்தில், உலைக்குள் வைத்த கண்ணாடிக் குழாயில் அதைக் காற்றோடு சூடேற்றினோம். முழுதாக எரிவதற்குள் என்னென்னவாக மாறுகிறது என்று பார்த்தோம். அதன் கார்பன் வளையம் லேசில் உடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெத்தில்தான் முதலில் ஒரு ஹைட்ரஜனை இழக்கும். மிஞ்சுகிற பென்சைல், ஆக்சிஜன் வந்து மோதினாலும் சட்டென்று மசியாது. "ஒன்ன மாதிரியே அழுத்தக்காரிடி இது" என்று சீண்டுவாய்.

அந்தப் பென்சைலிலிருந்து பாதாம் வாசனையுள்ள பென்சால்டிஹைடு, கணினிக் கணக்கு சொல்வதைவிட அதிகமாக வருகிறது என்றாய். குழாயில் பழைய கசடு இருக்கும் என்றார் நம் வழிகாட்டி சார். மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்குள் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. இருபத்தெட்டு வயதில் இது என்ன அவசரம், ஷமீமா?

கட்டுரை அனுப்பும்போது உன் அளவுகளை மட்டும் விட்டுவிடலாம் என்றார் சார்.

"அவ இல்லாதப்ப அவ அளந்தத எடுக்கக் கூடாது சார். புதுக் குழாய் வாங்கிக் குடுங்க, நானே ஓட்டிப் பாக்குறேன்."

"தப்புன்னு வந்தா?"

"தப்புன்னே எழுதுவோம் சார்."

முதலில் வெறும் காற்றை மட்டும் விட்டேன். கருவியின் திரையில் ஒன்றும் எழவில்லை, கசடு இல்லை. பிறகு டொலுவீன். நீ சொன்ன அதே அளவில் பென்சால்டிஹைடு எழுந்தது. வெப்பத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன், எல்லாம் உன் பக்கமே நின்றன. "நம்ம கணக்குலதான் கோளாறு" என்றார் சார். பென்சைல் ஈடுபடும் ஒரு வினையின் வேகத்தைக் குறைவாகப் போட்டிருந்தோம். அதைத் திருத்தியதும் வரைபடத்தில் கணக்கின் கோடு உன் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போனது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கே பஸ் ஏறி உன் ஊர் கோட்டைப்பட்டினம் போனேன். உன் அத்தா அப்போதுதான் கடலிலிருந்து வந்து படகு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எம்மக சொன்னதத்தான் போட்டிருக்காகளா?"

"அவ சொன்னதத்தான் அத்தா. அவ பேருதான் மொதல்ல."

துடைத்த துணியைப் படகில் போட்டார். பிறகு கரையில் போனவர்களைச் சத்தமாகக் கூப்பிட்டார்: "இங்கிட்டு வாங்கய்யா! எம்மக செயிச்சிருச்சு!"

அடுத்து டொலுவீனுக்கு உறவான எத்தில்பென்சீனை எடுக்கப்போகிறேன். அதில் எனக்குப் பிடிக்காத புள்ளி எது வந்தாலும், ஒன்றைக்கூடத் தள்ளிவைக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அத்தாவை அத்தா என்றே கூப்பிடும்
உன் தங்கச்சி,
வள்ளி