சம்பந்தி தமிழில் பேசிய நாடகம்

இன்று பேத்தியின் நாட்டிய விழாவுக்காகத் திருப்பதியில் ஓர் அரங்கத்துக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு சிறுமிக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசையின் நெடி மூக்கில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று யாரோ சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. இதை எந்த விலாசத்துக்கும் அனுப்பப் போவதில்லை. ஆனாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

சித்தூரில் நாம் சந்தித்த அந்த மாதர் சங்கம் ஓடு வேய்ந்த ஒரே ஒரு கூடம்தான். மதியம் மூன்று மணிக்குப் பாட்டு வகுப்பு. திங்களன்று தையல், வெள்ளிக்கிழமை கோலாட்டம். ஆண்கள் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். நகரியில் நெசவு வீட்டில் பிறந்து, சர்க்கார் குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நான் பாட்டுக் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன். முதல் நாளே நான் வாயைத் திறந்ததும் பாட்டு டீச்சர் ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டார். சங்கத்தின் செயலாளரான நீ வாசலிலிருந்து ஓடிவந்து சிரித்தாய்.

"ஏமே, இந்தக் குரல எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"எங்க வீட்ல நாலு தறி ஓடிக்கினே இருக்கும்க்கா. அதுக்கு மேல கத்துனாதான் நைனாவுக்குக் கேக்கும்."

"அக்கா கிக்கா எல்லாம் வேணாம். எனக்கும் உன் வயசுதான்."

உன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். நீ ஒரு பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாய். நான் பாதி புரிந்து, மீதியை உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தமிழில் பதில் சொல்வேன். இதை ஒரு விஷயமாகவே நாம் நினைத்ததில்லை.

ஊர்தான் நினைத்தது. ஆந்திர ராஜ்யம் பிறந்து, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று எங்கே பார்த்தாலும் பேச்சாக இருந்த காலம். காய்கறிக் கடையில் பேரம் பேசினால்கூட எந்தப் பாஷையில் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் ஆண்டு விழாவுக்காக நீ ஒரு நாடகம் எழுதினாய். மகனுக்குப் பெண் பார்க்க வந்து, போட்ட பலகாரத்தையெல்லாம் தின்றுவிட்டுக் குறை சொல்கிற ஒரு சம்பந்தியின் கதை. முழுதும் தெலுங்கு. எல்லா வேஷமும் பெண்களே. நீ பெண்ணின் அம்மா. உயரமும் தொண்டையும் இருந்ததால் நான் சம்பந்தி.

என் தெலுங்கு கடைத்தெருத் தெலுங்கு. நீ ஒரு நோட்டில் என் வசனத்தையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாய். எங்கே மூச்சு விட வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தாய். சோறு கொதிக்கும்போதும் துணி அலசும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "வீட்ல ரெண்டு மாமனார் ஆயிடுச்சு" என்றார்.

விழா அன்று கூடம் கொள்ளாத கூட்டம். முதல் காட்சி நன்றாகத்தான் போனது. இரண்டாம் காட்சியில் நீளமான ஒரு வசனத்தில் என் நாக்கு புரண்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அரவம்! அரவம்!" என்று கத்தியது. தமிழ்க்காரி என்று கேலி. இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. வியர்வையில் மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கூட்டத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் தலையைக் குனிந்துகொண்டன. மேடையை விட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது எனக்கு.

நீ கையில் பலகாரத் தட்டோடு இரண்டடி முன்னால் வந்தாய். எழுதிய வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாய்.

"அன்னய்யகாரு, மீ பாஷலோனே செப்பண்டி. மாக்கு அர்த்தமவுதுந்தி."

அண்ணா, உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள், எங்களுக்குப் புரியும். ஒரு நிமிஷம் நான் விழித்தேன். பிறகு மீசையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நகரிக் கிழவர்கள் பேசுகிற மாதிரியே, "இன்னாமா இது வடை? கல்லாட்டம் கீது! துன்றதா, செவுத்துல வச்சிக் கட்றதா?" என்றேன். கூடம் அதிர்ந்தது. நீ தெலுங்கில் திருப்பிக் கொடுத்தாய், நான் தமிழில் கொடுத்தேன். கடைசிவரை அப்படியே நடந்தது. சிரித்தவர்களில் யார் தெலுங்கு, யார் தமிழ் என்று மேடையிலிருந்து பார்த்த எனக்குத் தெரியவில்லை.

அது அதோடு முடிந்திருக்கலாம். மறுநாளே பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. எல்லைத் தகராறில் ஒரு பக்கத்துக்கு ஆதரவாக, வேண்டுமென்றே தமிழை மேடையேற்றினாய் என்றார்கள். சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். அன்று காலை என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் நின்றார்.

"நீ வாயத் தொறக்காத. ஆபீஸ்ல யார் எந்தப் பக்கம்னு பாத்துக்கினே கீறானுங்க. என் வேலைக்கு உல வச்சிடாத."

கூட்டத்தில் சங்கத்தின் தலைவியம்மாள் உன்னைக் கேட்டார். "முன்கூட்டியே திட்டம் போட்டதுதானே?" இல்லை என்றாய். அவர் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. முன்னாடியே பேசி வச்சீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். நீ என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சேலைத் தலைப்பில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தேன். தறிச் சத்தத்துக்கு மேல் எழும்பின என் தொண்டையிலிருந்து அன்று ஒன்றும் வரவில்லை. உன்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். நீ கூடத்தின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். சில மாதங்களில் உன் கணவருக்குத் திருப்பதிக்கு மாற்றலாயிற்று. நான் வழியனுப்பக்கூட வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

எல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. சித்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே இருந்தன. அதற்குப் பிறகு மகனுக்கு முடியிறக்கத் திருப்பதி வந்தபோது, விசாரித்து விசாரித்து உன் வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் பத்துப் பதினைந்து பெண்கள் கோலாட்டக் குச்சியோடு நின்றார்கள். அங்கேயும் ஒரு வகுப்பை ஆரம்பித்திருந்தாய்! என்னைப் பார்த்ததும் உன் முகம் மலரவில்லை. நான் வாசலிலேயே அழுதேன்.

"கோவம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது. பேச வேண்டிய நேரத்துல பேசணும்மே. அப்பறம் வந்து அழுது என்ன ப்ரயோஜனம்?" என்றாய். என் மகனைப் பார்த்துவிட்டு, "மொட்டையடிச்ச புள்ளைய வெயில்ல நிக்க வைக்காத. உள்ள வா" என்றாய். அன்று உன் கையால் சாப்பிட்டேன். மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் சித்தூர்ச் சங்கத்தில் ஒரு பிரச்னை வந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற பெண்ணின் மகள் கோலாட்ட வகுப்பில் சேர வந்தாள். சேர்த்தால் மற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அந்தத் தாய் கதவோரம் நின்றிருந்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"அந்தப் பொண்ணு என் பக்கத்துல நின்னு ஆடட்டும். நிக்கறவங்க நிக்கட்டும், போறவங்க போவட்டும்" என்றேன்.

இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. அந்தப் பெண் சேர்ந்தாள். நடந்ததை உனக்கு ஒரு கார்டில் எழுதினேன். பதிலாக உன்னிடமிருந்து ஒரே வரி வந்தது: "வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும்."

வந்தாய். உன்னை வெளியேற்றிய அதே கூடத்தில், பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அந்தப் பெண் இரண்டு முறை தாளம் தப்பினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். ஆட்டம் முடிவதற்குள் எப்போது என் கையைப் பற்றினாய் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஏறும்வரை விடவில்லை.

இப்போதும் எந்தக் கூட்டத்திலாவது ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தால், மற்றவர்கள் அடுத்தவர் முகத்தைப் பார்க்கும் அந்தச் சில நொடிகள் எனக்குத் தெரிந்துவிடுகின்றன. மூட்டு வலியோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். "இந்த அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறார்கள். நான் பேசி முடித்த பிறகுதான் உட்காருகிறேன்.