சட்டிக்குள் முழுத் தேங்காய்

ஜூன் 3, செவ்வாய்

படம் போடும் ஆப்பில் எனக்கு நிகரான ஆள் தூத்துக்குடியில் இல்லை என்பது இன்று நிரூபணமாகிவிட்டது. நிரூபித்தவன் நானே.

செல்போன் கடை ஹென்றிதான் அதை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். என்ன வேண்டுமோ அதை எழுதினால் அதுவே வரைந்து தரும், தமிழும் அதற்குப் புரியும் என்றான். சினிமா மாதிரி வேண்டுமென்றால் சினிமாப் பேரை எழுதிப் பிரயோஜனம் இல்லையாம். கேமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், என்ன கலர், அதைத்தான் எழுத வேண்டுமாம். எனக்கா சொல்கிறான்? ஹார்பரில் ஷூட்டிங் நடந்தபோது, வெயில் உப்பளத்துப் பக்கம் சாயட்டும், பொறுங்கள் என்று கேமராமேனுக்கு யோசனை சொன்னவன் நான். அவர் என் தோளைத் தொட்டார். (ஓரமாகப் போகச் சொல்லித் தொட்டிருக்கலாம். தொட்டது தொட்டதுதான்.)

முதல் படம்: நம் வீடு. வாசல் நட்ட நடுவில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜன்னல், ரோஸ் சுவர், நீலக் கதவு. பேக்கரி மக்ரூன் டப்பா மாதிரி வந்தது. இந்த ஸ்டைலுக்கு ‘நடுவாந்திரம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வீட்டு குரூப்பில் போட்டேன். மகள் விஜிலா, மருமகன் ஆன்றோ, என் வீட்டுக்காரி இசபெல்லா, நான். மூன்று பேர் சென்னை. ஒருத்தன் இங்கே. பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாசம் என்று போனவள் இசபெல்லா. அது போன வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் இரண்டாவது படம். பழைய கல்யாணப் படம் மாதிரி மஞ்சள் வெளிச்சம், நீள மேசை, சுற்றிலும் விருந்தாளிகள், நடுவில் நான், எல்லாரும் என் பேச்சுக்குச் சிரிக்கிறார்கள். கீழே ‘ஞாயிறு, நம்ம வீட்டில், நண்பர்களோடு’ என்று எழுதி அனுப்பினேன்.

மத்தியானம் சீலா மீன் குழம்பு. மணம் மட்டும். பக்கத்து வீட்டில் வைத்தது. நான் சாப்பிட்டது பன்னும் டீயும்.

ஜூன் 12

ஆன்றோ கட்டைவிரல் போட்டான். இசபெல்லா பார்த்தாளா தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மழைப் படம். ஈர ரோட்டில் சிவப்பு, பச்சை லைட் உருகி ஓடுகிறது, கோட்டு போட்டு நான் நடக்கிறேன். பீச் ரோடு என்று எழுதினால் இந்த மிஷின் மலையை வைக்கிறது, தென்னந்தோப்பை வைக்கிறது. நம் ஊருக்கு மலை கிடையாதுவே, பனைதான் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். ‘பிரமாண்டமான’ என்று போட்டால் உடனே வாணவேடிக்கை விடுகிறது. அதுவும் என்னைப் போல அளக்கிற சாதி போல.

ஹென்றியின் கடைக்கு வந்த எல்லாரும் அசந்துவிட்டார்கள். கடையில் ஹென்றி மட்டும்தான் இருந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

இசபெல்லா போன் பண்ணினாள். படமெல்லாம் பார்த்தாளாம்.

"நீங்க அங்கன நல்லாத்தான இருக்கீக. கூட்டமும் விருந்துமா."

பேரன் பள்ளிக்கூடம் சேருகிற வரை சென்னையிலேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டாள். இன்னும் ஒரு வருசம். மாதா கோயில் கொடியேற்றத்துக்காவது வருவாயா என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"பாப்போம். உங்களுக்கென்ன, அதான் ஆளுக இருக்காகளே."

தாராளமா இரு, இங்கே எனக்கு நேரமே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஏம்ல அப்படிச் சொன்ன? யாரு கேட்டா ஒங்கிட்ட?

ஜூன் 25, புதன்

யோசனை ஒன்று வந்தது. சாதாரண யோசனை இல்லை, ராஜதந்திரம்.

கறுப்பு வெள்ளை. ஜன்னல் கம்பி நிழல் கோடு கோடாக விழுகிறது. சமையல்கட்டில் ஒரு பெண், பாதி முகம் இருட்டில், அடுப்பில் சட்டி. துப்பறியும் படங்களில் வருவாளே, அந்த மாதிரி. அழகு அள்ளிக்கொண்டு போகிறது. குரூப்பில் போட்டேன். யார், என்ன என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இசபெல்லாவுக்கு எரியட்டும். நாளைக்கே ரயில் ஏறுகிறாளா இல்லையா பார்.

ஜூன் 26

பதில் வந்தது. குரலில் அனுப்பியிருக்கிறாள்.

"முழுத் தேங்காய ஓட்டோட சட்டிக்குள்ள போட்டிருக்காளே ஒங்க ஆளு. அவ வச்ச குழம்பத் தின்னுதான் இம்புட்டுக் கொழுப்பாக்கும்?"

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஆமாம், சட்டிக்குள் முழுத் தேங்காய், குடுமியோடு. நான் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அவள் சொல்லி முடித்ததும் சிரிக்கிறாள். பின்னால் விஜிலா சிரிக்கிறாள், பேரன் என்னவென்றே தெரியாமல் சிரிக்கிறான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எரிச்சலே இல்லை அவளுக்கு. நிம்மதியாக இருக்கிறாள்.

ஜூலை 2

காற்று. வாசலில் மணல். பேச ஆளில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, ரேடியோ இருக்கிறது.

ஜூலை 9, புதன்

ஹார்பர் பக்கம் போய் வேலிக்கு வெளியே நின்றேன். ஒரு கப்பலில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அங்கே பெரிய ஆபீசர் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன். நான் பார்த்தது சிக்னல் வேலை. கிரேன்காரன் மேலே கூண்டில் இருப்பான். கப்பல் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. விளிம்பில் நிற்கிற என் கைதான் அவனுக்குக் கண். தூக்கு, நிறுத்து, இறக்கு. சேர்ந்த புதிதில் நான் கதாநாயகன் மாதிரிக் கையை வீசினேன். சரக்கு ஊஞ்சலாடி, கீழே நின்ற ஆட்கள் சிதறி ஓடினார்கள். போர்மேன் கத்தவில்லை. கிட்டே வந்து, "உள்ள என்ன இருக்கோ அத மட்டும் காட்டும்வே" என்றார்.

படம் போடுகிற மிஷினும் அந்தக் கூண்டுக்காரன்தான். அது தெரிந்ததுதான்.

ஆனா இசபெல்லா? அவளும் சென்னையில, கூண்டு மாதிரி மேலதான இருக்கா. அவளுக்கும் என் கைதான தெரியும். நான் என்னத்தக் காட்டுனேன்? கூட்டம், விருந்து, கோட்டு, பொம்பள. அவ பெறகு எதுக்கு வருவா?

ஜூலை 11, வெள்ளி

வீட்டை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். போட்டோ அனுப்பினால் புலம்புகிறேன் என்று ஆகிவிடும். படம் என்றால் கலை.

ஜப்பான் ஸ்டைல் ஒன்று வீடியோவில் பார்த்திருந்தேன். கேமரா தரையோடு தரையாக, பாயில் உட்கார்ந்த ஆள் உயரத்தில் இருக்கும். அசையாது. ஆள் போன பிறகும் அறையையே பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் சரி என்று பட்டது. சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்து தெரிவதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

கிழக்கு ஜன்னல், சாம்பல் வெளிச்சம். ஆணியில் இடியாப்ப உரல், அதில் நூலாம்படை. கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று. டம்ளர் ஒன்று. வயர் நாற்காலி, அதன்மேல் பழைய பேப்பர்க் கட்டு. ஆள் இல்லை.

மிஷின் மேசையில் பூங்கொத்து வைத்தது. பூ வேண்டாம் என்றேன். நாற்காலியில் பூனையை உட்கார வைத்தது. பூனை வேண்டாம். தட்டைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டாக்கியது. ஒன்றுதான் என்றேன். அப்புறம் வாசலில் ஒரு ஆளை நிறுத்தியது. யாரும் இல்லவே. யாருமே இல்ல. எத்தன தடவ சொல்லுதது?

கடைசியில் வந்தது. இத்தனை வருசத்தில் இந்தச் சமையல்கட்டை நான் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

போன் வந்தது. இசபெல்லாதான். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"இந்தப் படத்துல ஆளயே காணும்."

"ஆமா."

"மத்ததுல எல்லாம் கூட்டமா இருந்துச்சே."

"அது வேற ஸ்டைல், ஏளா."

இன்னொரு விசில்.

"எது நம்ம வீடு?"

"இதுதான்."

நாற்காலியில் கிடப்பது பேப்பரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எடைக்குப் போட வேண்டியதுதானே என்றாள். யார் உட்காரப் போகிறார்கள் என்று வைத்துவிட்டேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது. பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

குக்கர் விசிலடிக்கிற நேரத்தில் பால் எப்படிப் பொங்கும்? அடுப்பு ரெண்டு இருக்கும்.

ஜூலை 19

பழைய பேப்பர்க்காரன் தெருவில் கத்திக்கொண்டு போனான். கூப்பிடவில்லை. ஒன்றும் நிச்சயம் இல்லாமல் எதற்கு?

ஜூலை 21, திங்கள்

விஜிலா சொன்னாள். பத்து நாளைக்கு ஆன்றோவின் அம்மா பேரனைப் பார்த்துக்கொள்வார்களாம்.

பேப்பர்க்காரனைத் தேடிக்கொண்டு அடுத்த தெருவரை ஓடினேன். இந்த வயதில் அந்த ஓட்டம் ஓட ஊரில் வேறு ஆள் கிடையாது. பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஜூலை 25, வெள்ளி

முத்துநகர் ரயிலில் ஏறிவிட்டாளாம். காலையில் வந்துவிடுவாள். நாளைக்குக் கொடியேற்றம்.

பத்து நாள் என்றுதான் பேச்சு. அதற்கப்புறம் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உரலில் இருந்த நூலாம்படையைத் தட்டினேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். ரெண்டாவது தட்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது, அலமாரியில் அடியில் கிடந்தது.

படம் ஒன்றும் போடவில்லை.

அடுப்பில் சட்டியை ஏற்றி, உள்ளே முழுத் தேங்காய் ஒன்றை ஓட்டோடு, குடுமியோடு வைத்து மூடியிருக்கிறேன். வந்ததும் அவளே திறந்து பார்க்கட்டும்.