உன் உயரத்தில் இறுகிப்போன சீட்

என் ஆறடி அண்ணாவுக்கு,

உன் சைக்கிள் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. என்ன உத்தியோகம் என்று தெரிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். நோய் வராமலிருக்க ஊராருக்கு அம்மை குத்துகிற வேலை! நல்லம்பள்ளியில் ஆரம்பித்து வத்தல்மலை அடிவாரம் வரை ஊர் ஊராகப் போகவேண்டும். சொந்த சைக்கிளோடு திங்கட்கிழமை வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்தவனுக்கு என்று தருமபுரி ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். உலகச் சண்டை நடக்கிற காலத்தில் புது வண்டிக்கு எங்கே போவது? மாட்டுக் கொட்டகையில் மூன்று வருஷமாகச் சாத்தி வைத்திருந்த உன் வண்டிதான் கதி. கையில் ஆறு நாள் இருந்தது.

சக்கரங்களை அப்போதே கழற்றிப் பரணில் போட்டிருந்ததால் அவை தப்பின. மீதி வண்டியைப் பார்த்தால் நீயே அடையாளம் கண்டிருக்கமாட்டாய். கருப்பு வர்ணம் உரிந்து, உடம்பெல்லாம் துரு. இடது பெடலோடு ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டினேன். கொல்லுப்பட்டறை முனியாச்சாரி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் மரை தலைகீழா இருக்கும்ங்க. நீங்க காலையிலேர்ந்து இறுக்கிக்கிட்டே இருக்கறீங்க" என்றார். இதை நீயாவது உயிரோடு இருக்கும்போது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பெடலாவது கழன்றது. சீட் அசையவே இல்லை. உன் கால் நீளத்துக்கு ஏற்றி வைத்த சீட். நான் ஏறி உட்கார்ந்தால் பெடல் எங்கோ பாதாளத்தில் இருந்தது. சீட்டைத் தாங்குகிற கம்பி, குழாய்க்குள் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தது. கொட்டகைக்குள் இருந்த வண்டிக்கு இவ்வளவு துரு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. சுரண்டிப் பார்த்தபோது குழாய் மூட்டுகளில் காய்ந்த வேப்பிலை இருந்தது. கைப்பிடியில் மஞ்சள் கறை.

"என்னம்மா இது?" என்றேன்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவனுக்கு ஒரு தண்ணிகூட ஊத்தலியேடா. அதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவன் வண்டிக்கு ஊத்துனேன்."

உனக்குத் தெரியும், அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று முறை தலைக்கு ஊற்றவேண்டும். அப்போதுதான் மாரியாத்தா வீட்டைவிட்டுப் போனாள் என்று நம் ஊரில் மனசு ஆறும். முதல் தண்ணீருக்கு முன்பே நீ போய்விட்டாய். அந்தக் குறையை அம்மா மூன்று வருஷமாக வண்டியில் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல்.

நான் கத்திவிட்டேன், அண்ணா. "தண்ணி ஊத்தி ஊத்தியே துருப்புடிக்க வெச்சிட்டியே! எம் பொழப்பு போச்சு!" என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வண்டியின் பக்கத்தில் ஒரு பாட்டில் நின்றது. கூப்பனுக்கு வாங்கி வைத்திருந்த அந்த மாதத்து மண்ணெண்ணெய் முழுவதும்.

"துருவுக்கு இதான் ஊத்தோணும்னு ஆச்சாரி சொன்னாரு" என்றாள் அம்மா.

"வெளக்குக்கு?"

"வூட்ல என்ன கல்யாணமா நடக்குது? பொழுதோட சாப்ட்டுப் படுத்துக்கலாம்." சற்று நின்று, "எறக்கித்தான் ஆகணுமாடா? அது அவன் ஒசரம்" என்றாள்.

"காலு எட்டலம்மா."

என் கால்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு பாட்டிலை அவளே திறந்து கொடுத்தாள்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சீட்டுக் குழாய்க்குள் ஊற்றினேன். மூன்று நாள் ஊறியது. சனிக்கிழமை பட்டறையில் சீட்டைக் கழற்றிவிட்டுக் கம்பியை மட்டும் இறுக்கியின் இரும்புத் தாடைகளில் கடிக்கவிட்டு, குழாயைச் சுற்றித் தணல் காட்டினார் ஆச்சாரி. பிறகு நானும் அவரும் வண்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் திருகினோம். முதலில் அசையவில்லை. "இன்னொரு தரம்ங்க" என்றார். கிறீச்சென்று நூலளவு திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டதாக அவரிடம் சொன்னேன்.

சீட் இப்போது நான்கு விரல் கீழே இருக்கிறது. மன்னித்துக்கொள்.

உன்னிடம் கேட்க ஒன்று உண்டு. அந்த வருஷம் அம்மை குத்துகிறவர் வந்தபோது ஊரே ஓடியது, நினைவிருக்கிறதா? நீ இந்த வண்டியில் ஏறினாய். நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன். கேரியர் ஆடுகிறது என்று விட்டுவிட்டுப் பறந்தாய். சோளக்கொல்லையில் ஒளிந்த என்னைப் பிடித்துக் கையில் குத்திவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த என்னைப் பார்த்து நீ கேலி செய்தாய். அடுத்த கோடையில் உனக்கு அம்மை போட்டது. உன் பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு வரவில்லை. அன்றைக்கு இந்த வண்டி பஞ்சராகிக் கிடந்திருந்தால் நீ இருந்திருப்பாயா?

இப்போது அம்மா வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் ஊற்றுவதில்லை. எண்ணெய்த் துணியால் துடைக்கிறாள். கைப்பிடியில் ஒரு வேப்பங்கொத்து மட்டும் கட்டுகிறாள். அதை நான் அவிழ்ப்பதில்லை.

நேற்று அடிவாரத்து ஊர் ஒன்றில் என் அம்மை குத்துகிற பெட்டியைப் பார்த்ததும் ஓர் ஆள் சைக்கிளில் ஏறித் தப்பினான். உன்னை மாதிரியே நெட்டை. நான் விடவில்லை, உன் வண்டியில் துரத்தினேன். ஏரிக்கரை மேட்டில் மூச்சு வாங்க இறங்கி நின்றான். "என்னய வுட்ருங்க சாமி" என்றான். "எங்கண்ணனும் இப்பிடித்தான் ஓடுனாருங்க. இது அவரு வண்டி" என்றேன். வண்டியையும் என்னையும் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டான்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், அண்ணா. நடந்து ஓடுகிறவர்களை யார் வேண்டுமானாலும் பிடிக்கட்டும். சைக்கிளில் ஓடுகிறவன் ஒருவனையும் நான் விடமாட்டேன். கேரியரையும் ஆடாமல் முடுக்கி வைத்திருக்கிறேன்.

நீ ஏற்றிக்கொள்ளாமல் போனதால் பிழைத்துக் கிடக்கிற,
உன் குட்டைத் தம்பி
சின்னசாமி