கழற்றாத எடைக்கல்

பத்தொன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது. போன மாசியில் நீ செத்தபோதும் தலையைக் காட்டிவிட்டு, யாரிடமும் பேசாமல்தான் திரும்பினேன். இன்று பேச வைப்பது ஒரு சத்தம். பின்தெருவில் உன் கடைசல் பட்டறை ஓடுகிறது. சுற்றுக்கு ஒரு தடவை டொக், டொக் என்று தரையில் இடிக்கிறது. என் மேசைமேல் செம்பில் தண்ணீர் நடுங்குகிறது. உன் மகள் பெரிய கட்டையை ஏற்றியிருக்கிறாள்.

கோணல் கட்டை சுற்றும்போது கனத்த பக்கம் விழும் சத்தம் அது. நம் பக்கத்து வேம்பின் தூர் ஒரு புறம் புடைத்துத்தான் இருக்கும். அதைக் கடைசல் எந்திரத்தின் இரும்புத் தட்டில் முடுக்கி, லேசான பக்கத்தில் பழைய எடைக்கல் ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்குவோம். கையால் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறது என்று பார்ப்போம். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால்தான் மோட்டாரைப் போடுவது. அந்தக் கணக்கு என் பொறுப்பு. இயற்பியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் உன்னோடு கூட்டுச் சேர்ந்தவனுக்கு வேறென்ன கொடுப்பாய்? உளி உன்னுடையது.

கடையக் கடையப் புடைப்பு போய்விடும். அதன் பிறகு எடைக்கல்தான் கனத்த பக்கம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கழற்ற வேண்டும். கழற்றாமல் வேகத்தைக் கூட்டினால் கட்டை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அன்று, கழுகுமலை அண்ணாச்சி ஒருவர் தன் தோட்டத்து வேப்பந்தூரை வட்ட மேசைக்காகக் கொண்டுவந்திருந்தார். நான் மூன்றாவது தடவையாகக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சார்வாள், இன்னும் சுத்தி முடியலையா?" என்றார்.

"அவன் படிச்சவன்லா அண்ணாச்சி. கோயிலச் சுத்தினாக்கூட எண்ணிப் பாத்துத்தான் சுத்துவான். அதான் ஒரு பயலும் வேல குடுக்கல" என்றாய் நீ.

இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் கட்டை முக்கால்வாசி வட்டத்துக்கு வந்துவிட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டு, "ஏலே, வேகம் கூட்டட்டா?" என்று கேட்டாய். இரண்டு கிலோ எடைக்கல் பின்னால் அப்படியே இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஒனக்குத் தெரியாததா? கூட்டு" என்றேன்.

வேகம் கூட்ட, பெல்ட்டைச் சின்னச் சக்கரத்துக்கு நீயே மாற்றிப் போட்டாய். கட்டை அதிர ஆரம்பித்ததும் நீ திரும்பிப் பார்த்தது என்னைத்தான். "ஓரமா போலே!" என்று கத்தினாய். நான் ஓரமாகப் போனேன். கட்டை உன் இடது தோளில் விழுந்தது. அந்தக் கை அதற்குப் பிறகு காதுக்கு மேல் ஏறவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "அவன் பெல்ட்ட மாத்திப் போட்டுட்டான்" என்றாய். அது பொய். அந்தப் பொய்க்காக உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. இப்போதும் நினைத்தால் கசக்கிறது. ஆனால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. உன் பொய்யையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் செய்ததைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

நேற்றுக் காலை பட்டறைக்குப் போனேன். உன் மகள் பெங்களூர் ஓட்டல் ஒன்றுக்காகப் பெரிய மரத்தொட்டி கடைகிறாள். உளியை உன்னைப் போலவே இடுப்போடு அணைத்துப் பிடிக்கிறாள். கட்டையின் பின்னால் எடைக்கல். இப்போதைக்கு அது வேண்டும். இன்னும் கோணல் போகவில்லை.

"வாங்க மாமா. அங்கனயே நில்லுங்க, பெல்ட்டுப் பக்கம் வந்துராதீங்க" என்று சிரித்தாள்.

"அந்த எடையை எப்பம்மா கழத்துவ?"

"எதுக்குக் கழத்தணும்? கடைசி வரைக்கும் இருந்தாத்தான ஆடாது?"

கை போன பிறகு நீ பெரிய கட்டையே ஏற்றவில்லை; அவளுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? பதில் சொல்வதற்குள் உன் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "ஏட்டி, நீ வேலயப் பாரு. இவிய பெல்ட்டுல கை வச்சுத்தான் ஒங்கப்பா கை போச்சு."

சுருக்கென்றது. வந்த வழியே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது: எடைக்கல்லைப் பற்றிச் சொல்லாமல் வந்து, மறுபடியும் அதையே செய்துவிட்டேன்.

இன்னும் மூன்று நாளில் அந்தக் கட்டை வட்டத்துக்கு வந்துவிடும். இடிக்கும் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. மற்றவர்களுக்கு அது நல்ல சத்தம். எனக்கு, நீ கத்தியதுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்கிறது. உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். உன் மகளுக்கு அப்படிக் கத்த அங்கே ஆள் இல்லை.

உனக்கு எழுதிய இதை அவள் பெயருக்குத்தான் அனுப்பப்போகிறேன். இப்போதே பெரிய தபாலாபீசில் கொண்டுபோய்ப் போட்டால் நாளை கிடைக்கும். அனுப்புபவன் பெயரைப் பார்த்தால் உன் மனைவி அடுப்பில் போட்டுவிடுவாள். பெயர் இல்லாவிட்டால், யாரோ எழுதியது என்று மகளிடம் கொடுப்பாள். பாதி படிப்பதற்குள் நான் யாரென்று உன் மகளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். அதற்கு முன்பே எடைக்கல்லைப் பற்றிப் படித்திருப்பாள். கையெழுத்துப் போடாமல் ஒட்டுகிறேன்.