சரி என்று எழுதிய ஒத்திகை

சேர்,

பள்ளிக்கூட மண்டபத்தில் உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். சட்டத்தின் வார்னிஷ் மணம் இன்னும் போகவில்லை. கீழே "நேர்மையின் சிகரம்" என்று எழுதியிருக்கிறது. வெளியே வந்துதான் சிரித்தேன். மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி நல்லதையே கதைக்க வேண்டுமாம். அதனால் உங்களிடமே கதைக்கிறேன்.

ஐம்பதுகளில் பட்டின சபைத் தேர்தலுக்கு முன் வாக்கெண்ணும் ஒத்திகை இதே மண்டபத்தில் நடந்தது. நீங்கள் தலைமை. எண்ணுகிற வாத்திமாரில் நானும் பாலமுனை ஊர் மாஸ்டரும் இருந்தோம். மாதிரிச் சீட்டுகளைக் குடை, வண்டிச்சில்லு என்று சின்னம் பார்த்துக் கட்டுக்கட்டாகக் கட்ட வேண்டும். பிழையில்லாமல் செய்கிறோமா என்று பார்க்கத்தான் அந்த ஒத்திகையே. நீங்களோ அவசரப்படுத்திக்கொண்டே நின்றீர்கள். ஒவ்வொரு கட்டிலும் மேல்சீட்டை மட்டும் பார்த்து "சரி" என்றீர்கள். குடைச் சின்ன வேட்பாளர் வீட்டு விருந்தில் நெய்ச்சோறு ஆறிவிடுமே!

பாலமுனை மாஸ்டர் ஒரு கட்டை அவிழ்த்தார். "சேர், குடைக்குள்ள சில்லு கலந்திரிக்கி. எல்லாத்தையும் திருப்பிப் பாப்பம்."

"மீன் எண்ணுற ஊரிலிருந்து வந்து எனக்கு வோட்டு எண்ணப் படிப்பிக்கிறியா?"

மறுநாள் அவரை எண்ணும் வேலையிலிருந்து நீக்கினீர்கள். ஒத்திகை திருப்தி என்று மேலிடத்துக்கு எழுதினீர்கள்.

வாக்கெண்ணும் நாளில் குடை வென்றது என்று நீங்கள் வாய் திறக்கும்போது, சில்லுக்காரரின் ஆள் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னார். உள்ளே சில்லு. உங்கள் முகம் வெளுத்ததை நினைத்து இன்றும் ரசிக்கிறேன். "பாலமுனை மாஸ்டரக் கூட்டி வா" என்று கல்முனையிலிருந்து பாலமுனைக்கு என்னைக் காரில் துரத்தினீர்கள்.

அவர் தமையனோடு வலை இழுத்துக்கொண்டிருந்தார். "மீன் எண்ண வேணுமாம் எண்டு சொல்லுங்க" என்றார். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். "அவருக்காக இல்ல. சனம் போட்ட வோட்டு."

எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து மறுபடி எண்ணினோம். சில்லு வென்றது. பார்க்க வந்த பெரிய அதிகாரியிடம், "ஒத்திகையிலேயே எனக்குச் சந்தேகம்" என்றீர்கள், வெட்கமே இல்லாமல். அவர் உங்கள் தோளைத் தட்டினார். பாலமுனை மாஸ்டர் வெளியே போனார். பின்னால் ஓடிப்போய், ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்த மனிசனோட கதைச்சி என்னத்துக்கு?" என்றார்.

நேற்று உங்களை அடக்கிய கபுறடிக்குப் போனேன். உங்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். அது கடமை. மரியாதையும் வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

வரவில்லை, சேர்.