கன்னியம்மாள் வீட்டுக் குண்டான்

சென்னீர்குப்பம்
9 ஜூன் 2024

என் அன்பு அரவிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கன்னியம்மாள் அக்காவின் சின்னக் குண்டானை எடுத்து விளக்கினேன். அழுக்கு ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் விளக்கிக் கவிழ்த்து வைத்ததுதான். ஆனாலும் சமையல்கட்டுக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது.

பொங்கலன்று அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அதில்தான் வந்தது. அக்காவின் பிள்ளை, நம் அஜித்தான் எடுத்துவந்தான். "சித்தி, சூடா கீது. துணி போட்டு வாங்கு" என்றான். நீ கூடத்திலிருந்தே, "முந்திரிய வழியிலயே பொறுக்கித் துன்னுட்டிருப்பியே மாமே" என்றாய். அவன் வாயைத் திறந்து காட்டினான். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது.

அதற்கப்புறம் வந்த காணும் பொங்கலன்று சாயங்காலம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் அஜித் நம்மை விட்டே போய்விட்டான். மறுநாள் உன்னையும் தேவராஜையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. குண்டான் இங்கேயே தங்கிவிட்டது.

நம் தெருவில் யார் பாத்திரத்தையும் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு முருங்கைக்காய், அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசி. நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாளிலிருந்து அப்படித்தான். என் பெயர் வெட்டிய டம்ளர்கள் அங்கே இருக்கின்றன, அக்கா பெயர் வெட்டிய தட்டுகள் இங்கே இருக்கின்றன. எது யாருடையது என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே கிடையாது. இப்போது இந்தக் குண்டானில் எதை வைத்து எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வாராவாரம் மனு போட்டு உன்னைப் பார்க்க வருகிறேன். ஆனால் அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். நான் கேட்பது ஒன்று, நீ தலையாட்டுவது வேறொன்றுக்கு. அதனால்தான் எழுதத் தொடங்கினேன். போன வாரம் நீ என் முகத்தையே பார்க்கவில்லை. பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மாவைப் பார்த்தாய், பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். நான் அத்தனை தூரம் பஸ் மாறி வருவது உன் தலைவகிட்டைப் பார்ப்பதற்கா?

அப்பா வேலைக்குப் போய்வருகிறார். பேச்சு குறைந்துவிட்டது. ஜாமீன் இந்த முறையும் இல்லை என்றதும் இரண்டு நாள் ஷேவ் செய்துகொள்ளவில்லை. உன் சைக்கிளுக்கு மட்டும் போன வாரம் எண்ணெய் போட்டார்.

நன்றாகச் சாப்பிடு. தேவராஜைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

*

புழல்
30 ஜூன் 2024

அம்மா,

நல்லா கீறேன். காலைல பொங்கல் குடுக்கறாங்க. பொங்கல்னு அவுங்க சொல்றாங்க.

உன் லெட்டர் வந்துச்சு. முகத்தைப் பாக்கலன்னு கோச்சுக்காதே. பாத்தா பேச முடியல.

வக்கீல் சார் வந்தாரு. ஏரிக்கரையில என்னை யாரும் பாக்கலையாம். மத்தியானம் டீக்கடையில மூணு பேரையும் ஒண்ணா பாத்த சாட்சி மட்டும்தான் கீதாம். அஜித்தைத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது தேவா. அவன் சட்டையிலதான் ரத்தம் இருந்துச்சு. அதனால, சாயங்காலம் நான் ஊட்லதான் இருந்தேன்னு நீ வந்து சொன்னா போதும்னு சொல்றாரு. படிச்சவங்க, நல்ல வேலையில கீறவங்க, ஜட்ஜ் நம்புவாருன்னாரு.

தேவா வேற பிளாக்ல கீறான். போலீஸ்ல அவன் "நான் அடிக்கல" அப்படின்னு மட்டும்தான் சொன்னானாம். வேற ஒரு பேரும் சொல்லலையாம்.

குண்டானைப் பத்தி இனிமே எழுதாதே. யார் கையிலயாவது குடுத்தனுப்பிடு.

அரவிந்தன்

*

சென்னீர்குப்பம்
11 ஆகஸ்ட் 2024

அன்பு அரவி,

எழுதும்போதாவது 'இருக்கிறேன்' என்று எழுதக் கூடாதா? உன் பாட்டனார் காலத்தில் நம் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்தவர்கள் கிடையாது. நான் ஆவடியிலிருந்து ரயிலில் போய் பி.எஸ்சி. முடித்தவள். உனக்கு நான்தான் அ எழுதச் சொல்லிக் கொடுத்தேன். சரி, எப்படி எழுதினாலும் எழுது. உன் எழுத்தைப் பார்த்தால் போதும்.

இந்த ஆடிக்கும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வருஷா வருஷம் நானும் கன்னியம்மாள் அக்காவும்தான் பெரிய அண்டாவில் துடுப்பு போடுவோம். நான் ஒரு பக்கம், அக்கா எதிர்ப்பக்கம். நீங்கள் மூன்று பேரும் சொம்போடு முதலில் வந்து நிற்பீர்கள். தேவராஜுக்கு அம்மா இல்லை என்று அக்கா அவனுக்கு மட்டும் கருவாட்டுக் குழம்பில் இன்னொரு கரண்டி ஊற்றுவார். "அப்ப எங்களுக்கும் அம்மா இல்லன்னு வெச்சிக்க" என்று அஜித் சொல்லி முதுகில் அடி வாங்கினான். நினைவிருக்கிறதா?

இந்த முறை நான் அண்டா பக்கம் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னால் செருப்புச் சத்தம். அக்காதான். பொங்கலுக்குப் பிறகு என்னோடு பேசியது அன்றுதான்.

"என் குண்டான் உங்கிட்ட கீது."

"கீதுக்கா" என்றேன். எனக்கும் அந்தப் பேச்சுத்தான் வந்தது.

"காலியா எடுத்தாந்து குடுத்துடாதே. குடுக்கறதுக்கு உங்கிட்ட ஏதாச்சும் கீதுன்னு தோணுச்சுன்னா, அப்ப எடுத்துகினு வா."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டு அண்டா பக்கம் போனார். எதிர்ப்பக்கத் துடுப்பை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு வீச்சு சரியாக வரவில்லை. அக்கா தன் பக்கத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

நீ சொன்ன மாதிரி யார் கையிலும் கொடுத்தனுப்ப முடியாது, அரவி.

வக்கீல் வீட்டுக்கும் வந்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் உன் அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய் திறந்தார். "இதுல யோசிக்க இன்னா கீது? பெத்தவ நீ. நாலு வார்த்தை சொன்னா புள்ள ஊட்டுக்கு வந்துடுவான். அந்த தேவராஜுக்கு அழறதுக்கு யாரு கீறாங்க?"

நான் அடுப்பை அணைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. உன் சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிறவர்தான் இதையும் சொல்கிறார்.

காணும் பொங்கலன்று உங்களுக்குச் சோறு கட்டியதை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கிய வழக்கம். புளிசாதம் உனக்கு, தயிர்சாதம் அஜித்துக்கு, உருளைக்கிழங்கு முழுவதும் தேவராஜுக்கு. அப்போது ஏரிக்கரைப் பக்கம் குடோன்கள் கிடையாது. கரைமேல் நின்றால் வயல் தெரியும், வயலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஓடுவது தெரியும். நானும் அக்காவும் பாயை விரித்துப் பேசிக்கொண்டே இருப்போம். வளர்ந்த பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு போவதை விட்டீர்கள். சோறு கட்டுவதை நான் விடவில்லை. இந்த வருஷமும் என் கையால்தான் கட்டிக் கொடுத்தேன். வாசல் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினேன். இருட்டிய பிறகு நீ மட்டும் வந்தாய். சட்டை ஈரமாக இருந்தது. சோற்றுக் கேரியர் இல்லை. அஜித் எங்கேடா என்றேன். தெரியாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

நீயாகச் சொல்வாய் என்று இத்தனை மாதமாகக் காத்திருக்கிறேன். நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன்.

அன்புடன்
அம்மா

*

புழல்
22 செப்டம்பர் 2024

அம்மா,

நீ வர்றே, பழம் குடுக்கறே, போயிடறே. வக்கீலுக்கு இன்னும் ஒரு பதிலும் சொல்லலையாம்.

நீ யாருக்கு அம்மா? எனக்கா, தேவாவுக்கா?

எழுதிட்டேன், கிழிக்க மனசு வரல. இங்க வேற பேப்பர் கிடைக்காது. எனக்கு பயமா கீதும்மா. வேற ஒண்ணும் இல்ல.

அரவி

*

புழல்
16 பிப்ரவரி 2025

அம்மா,

நீ சாட்சி சொல்ல ஒத்துக்கினியாம், வக்கீல் சார் சொன்னாரு. மார்ச்சுல கூப்பிடுவாங்களாம். நேத்து பாக்க வந்தப்போ அப்பா முதல் தடவையா சிரிச்சாரு. நான் சிரிக்கல. ஏன்னு எனக்கே தெரியல.

போன வாரம் கோர்ட் வண்டியில தேவா பக்கத்துல உக்கார வெச்சுட்டாங்க. இளைச்சுட்டான். அவனை மனு போட்டுப் பாக்க ஒருத்தரும் வர்றதில்ல. அவுங்க அப்பா லாரியோட ஆந்திரா பக்கம் போனவரு திரும்பலையாம். நான் பேச பயந்துகினு ஜன்னலைப் பாத்துகினே வந்தேன். பூந்தமல்லி வந்ததும் அவனே, "ஆயா... இல்ல, சித்தி நல்லா கீதா?" அப்படின்னான். அவன் உன்னை ஆயான்னு கூப்பிட்டு கிண்டல் பண்ணுவானே, அந்த பழக்கம். அவ்ளோதான் பேசுனான்.

உனக்கு ஞாபகம் கீதா? நாங்க ஆறாவது படிக்கும்போது அஜித் ஊட்ல, பெரியம்மா புது டிவி வாங்கினாங்க. நாங்க உள்ளயே பந்து ஆடி அது உடைஞ்சுது. நான்தான் அடிச்சேன். தேவா நான்தான்னு சொல்லி அவுங்க அப்பாகிட்ட பெல்ட்டால வாங்கினான். நான் சாப்பிட உக்காந்தேன், இறங்கல. நீ தட்டைப் பாத்தே, என்னைப் பாத்தே. ஒண்ணும் கேக்கல. என் கையைப் புடிச்சு பெரியம்மா ஊட்டுக்குக் கூட்டிகினு போனே. வாசல்ல நிறுத்தி, "சொல்லு"ன்னே. நான் சொன்னேன். பெரியம்மா அடிக்கல. "இத்த சொல்றதுக்கு உங்கம்மா கை வேணுமாடா ஒனக்கு?" அப்படின்னு ஒரு முறுக்கு குடுத்தாங்க. பாதிய தேவாவுக்குக் குடுக்கச் சொன்னாங்க.

நான் அடிக்கடி அதையே நினைச்சுகினு கீறேன். முறுக்கை இல்ல. உன் கையை.

இங்க கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நிக்கறே. கை எட்டாது.

அரவி

*

சென்னீர்குப்பம்
9 மார்ச் 2025

என் அரவிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதை என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகிற அம்பத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எடுத்துப் படிக்கிறேன். 'நான்தான் அடிச்சேன்' என்று நீ எழுதியிருப்பதில் விரலை வைத்துக்கொண்டு ஸ்டாப்பைத் தவறவிட்டேன் ஒரு நாள். டிவியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். எனக்குப் போதும்.

அன்றைக்கு உன் கை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. வியர்த்து, பிசுபிசுவென்று. நடுவில் இரண்டு முறை இழுத்துக்கொண்டாய். திரும்பி வரும்போது நீயாகவே வந்து பிடித்துக்கொண்டாய்.

சாட்சி சொல்கிறேன் என்று வக்கீலிடம் நான் ஒப்புக்கொண்டது உண்மை. அப்போது அவர் சொன்னபடியே சொல்வதாகத்தான் இருந்தேன். உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது என்று நீ எழுதினால் நான் என்ன செய்வேன்? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். "சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருந்தான்." நன்றாகத்தான் வந்தது. படித்தவள் அல்லவா.

செவ்வாய்க்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அங்கே ஏறி நின்று, மூன்று பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்து என் பிள்ளையை நான்தான் ஏரிக்கரைக்கு அனுப்பினேன் என்று சொல்லப்போகிறேன். இருட்டிய பிறகு ஈரச் சட்டையோடு தனியாக வந்தான் என்று சொல்வேன். தேவராஜ் வரவே இல்லை, அவன் அஜித்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தான் என்பதையும் சொல்வேன். நீயும் அங்கேதான் நிற்பாய். அப்போதாவது என் முகத்தைப் பார்ப்பாயா, தலைவகிட்டைத்தான் காட்டுவாயா?

இதனால் நீ எவ்வளவு காலம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்று தெரியாமல் நான் இதைச் செய்யவில்லை. தெரிந்துதான் செய்கிறேன். வெள்ளிக்கிழமை வழக்கம்போல மனு போட்டு வருவேன். உனக்கும் தேவராஜுக்கும் சேர்த்தே போடுவேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று நீ சொல்லி அனுப்பினால் வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பழத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வருவேன். நீ யாருக்கு அம்மா என்று கேட்டிருந்தாயே, உனக்குத்தான்.

இதை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வக்கீலிடம் சொன்னால் என்னைக் கூண்டிலேயே ஏற்றமாட்டார். இந்தக் கடிதத்தைக்கூடச் செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போகிற வழியில்தான் பெட்டியில் போடுவேன்.

அன்று கோர்ட்டிலிருந்து மத்தியானம் திரும்பி வந்ததும் கன்னியம்மாள் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும். கதவு திறக்குமோ திறக்காதோ. இன்று காலை குண்டானை விளக்கித் துடைத்து, ஒரு பிடி அரிசி போட்டு, மூடி வைத்துவிட்டேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "அது எதுக்கு?" என்றார்.

சும்மா என்றேன்.

அம்மா