மேடு தெரிந்த நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் போனை எடுக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் பக்கம் சிக்னல் கிடைக்காதுதான், அதில் ஒன்றுமில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இன்று எங்கள் முடிவைத் திறந்து பார்த்தோம். கனமான மீசான் என்கிற துகள் சிதையும்போது, அதிலிருந்து இரண்டு துகள்கள் லேசாக ஒட்டிக்கொண்டு, ஒரு மூலக்கூறு மாதிரி வெளியே வருகிறதா என்று இத்தனை வருடமாகத் தேடினோமே, அதேதான். ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாதென்று, பார்க்க வேண்டிய இடத்தை நாங்களே மூடி வைத்திருந்தோம்.

இன்று திறந்தால், வரைபடத்தில் சரியாக அந்த இடத்தில் ஒரு மேடு. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் பக்கத்தில் வந்து, "என்னம்மா, முகமே சரியில்லையே?" என்றார்.

"பயமா இருக்கு சார்."

"எதுக்கு? நல்லாப் பார்த்தாச்சு. எங்கேயும் போயிடாது."

அவர் மேட்டைச் சொன்னார். உன்னையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தண்ணீர் கொடுத்தார்.

நாளை எல்லோர் முன்னாலும் நான்தான் இதை அறிவிக்க வேண்டும். "சின்ன ஆபரேஷன்தான், வேலையை விட்டுட்டு வந்து நிக்காதே" என்று நீ சொன்னாய். உன் சின்ன ஆபரேஷன் ஏனக்கா காலையிலிருந்து நடக்கிறது?

என் இடத்தில் வேறொருவரைப் பேசச் சொல்லிவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால், ரயில் ஆடுகிறது. திட்டுவதென்றால் நேரில் திட்டு.

உன்
வாலு